கோரைத் தாங்கலை நிலம் என்றவள்

என் வாயை அன்றைக்கே தைத்துப் போட்டிருக்க வேண்டும். ஊரே அப்படித்தான் சொல்கிறது, நானும் தினம் சொல்லிக்கொள்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அப்புறம் ஏசுகிறவர்கள் ஏசட்டும்.

எங்கள் சேரிக்கு மேற்கே கோரைத் தாங்கல். தாங்கல் என்றால் சின்ன ஏரிதான். ஐப்பசி மழையில் நிரம்பினால் மாசி வரைக்கும் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரில்தான் எங்கள் சேரிக் கிணறு ஊறும். தண்ணீர் வற்றியதும், ஈரம் காய்வதற்குள், பன்னிரண்டு குடும்பம் உள்ளே இறங்கி வெள்ளரி போடுவோம். எங்களுக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது. ஆண்டை வீட்டு வேலையாக இல்லாமல் எங்களுக்கென்று நாங்கள் செய்த வெள்ளாமை அது ஒன்றுதான். அதற்கும் கர்ணம் வருஷம் தவறாமல் வந்து, சர்க்கார் புறம்போக்கில் அத்துமீறி இறங்கினாய் என்று பி மெமோ எழுதி அபராதம் போட்டுவிட்டுப் போவார்.

அறுபத்து நாலாம் வருஷம் சித்திரை மாசத்தில் ஜீப்பு வந்தது. பூமிக்குள் கியாஸ் இருக்கிறதாம், துளை போட்டுப் பார்க்க வேண்டுமாம். இயந்திரம் நிறுத்த இரண்டு ஏக்கரில் மேடை கட்டவேண்டும். ரோட்டோரத்தில் தோதான இடம் இரண்டே இரண்டு. ஒன்று வேதகிரி ஆண்டையின் இருபோக நஞ்சை. இன்னொன்று எங்கள் தாங்கல்.

அளக்க வந்தவர்களுக்குச் சங்கிலி தூக்கப் போன எங்கள் சேரித் தானியேல்தான் சேதி கொண்டுவந்தான். "தண்ணி நிக்கற எடத்துல தொளை போடக்கூடாதுன்னு அவங்க ரூல்ல கீதாம். பயிர் வெக்கற நெலம்னா போடலாமாம்."

என் வீட்டுக்காரர் எல்லப்பன் அதைப் பிடித்துக்கொண்டார். வீடு வீடாகப் போய் எல்லோரிடமும் ஒரே பேச்சுத்தான். "தாங்கல்னே சொல்லணும். வெள்ளரின்னு ஒருத்தரும் வாயத் தொறக்கக்கூடாது."

வாயைத் திறக்காமல் இருந்தால் போதுமா? கொடி இருக்கிறதே! என்ஜினீயர் வருகிற அன்றைக்குக் காலையில் பன்னிரண்டு குடும்பமும் இறங்கிக் கொடியை எல்லாம் பிடுங்கினோம். பூவும் பிஞ்சுமாக இருந்தது. நான் வயிற்றெரிச்சலோடு பிடுங்கினேன். "அளுவாத மே. தாங்கல் இருந்தா அடுத்த வருசம் போட்டுக்கலாம்" என்றார் அவர். பிடுங்கியதை எல்லாம் வண்டியில் போட்டுக் கொண்டுபோய்ச் சேரிக்குப் பின்னால் கொட்டினோம்.

பத்து மணிக்குக் கரைமேல் கூடினார்கள். என்ஜினீயர் சின்ன வயசு, வெயிலில் முகம் சிவந்து கிடந்தது. அவர் பக்கத்தில் குடையோடு ஆண்டை. கீழே நாங்கள். எல்லப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் பேசினார். "ஆள் ஒசரம் தண்ணி நிக்கும் சாமி. இங்க மேட கட்டினா எங்க கெணறு செத்துப்பூடும்."

என்ஜினீயர் கேட்டுக்கொண்டார். கரையில் இருந்த மதகைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, "அப்படின்னா உங்க நஞ்சையைத்தான் பார்க்கணும்" என்று ஆண்டையிடம் சொன்னார். எனக்குப் பெற்ற வயிறு குளிர்ந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் ஆண்டை சொன்னார். "இவங்க பேச்ச இன்னாத்துக்கு சார் கேட்டுக்கினு கீறீங்க? இவங்களுக்கு இங்க இன்னா பாத்தியத? ஒரு புல்லுகூட நட்டது கெடையாது. எங்க வூட்டுக் கூழு குடிச்சிக்கினு கெடக்கற ஜனம்."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ! காலையில் பிஞ்சோடு பிடுங்கிய கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. "யாரு நட்டதில்ல? பதினோரு வருசமா நான் நட்டுக்கினு கீறேன்! கேளு உன் கர்ணத்த!"

"மே, சும்மா இரு" என்று எல்லப்பன் என் கையைப் பிடித்தார். உதறிவிட்டு ஓடினேன். வீட்டுக் கூரையில் செருகியிருந்த பி மெமோச் சீட்டுகளைக் கட்டோடு எடுத்துவந்து என்ஜினீயர் கையில் திணித்தேன். அவர் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. இது தாங்கலா, பயிர் வைக்கிற நிலமா?"

"நெலம் சார். எங்க நெலம்."

அவர் பேரைக் கேட்டார். சொக்கம்மாள் என்றேன். எழுதிக்கொண்டார். ஆண்டை குடையை மடக்கினார். வேண்டுமென்றே என்னைச் சீண்டினாரா, வாயில் வந்ததைச் சொன்னாரா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பாவி நான், என் வாயாலேயே தாங்கலைக் கொடுத்துவிட்டேன் என்பது எனக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது. உறைத்ததும் என்ஜினீயர் காலில் விழுந்தேன். தண்ணீர் நிற்கும் சாமி, தண்ணீர்தான் நிற்கும் என்று கதறினேன். அவர் சங்கடப்பட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

வைகாசியில் லாரி போக வழி வேண்டும் என்று கரையை வெட்டினார்கள். தாங்கலுக்குள் செம்மண்ணும் ஜல்லியும் கொட்டி மேடை எழுப்பினார்கள். ஏழு மாசம் இரவும் பகலும் இயந்திரம் கத்தியது. ஐப்பசி மழை பெய்தது, நின்றால்தானே தண்ணீர்! வெட்டின வழியாக ஓடியே போய்விட்டது. கியாஸும் கிடைக்கவில்லை. பூமிக்குள்ளிருந்து வந்த சாம்பல் நிறச் சேற்றை அங்கேயே விட்டுவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மாசியில் விதை போட்டுப் பார்த்தேன். முளைக்கவே இல்லை. கிணற்றில் குடம் முங்கத் தண்ணீர் இல்லை. தானியேல் குடும்பம் ஏனாத்தூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போயிற்று. போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

எல்லப்பன் இந்த ஒரு வருஷமாக என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியது கிடையாது. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நேற்றுக் காலையில் பழையசீவரத்துக் கல் குவாரிக்குக் கிளம்பினார். வாசலில் நின்று முண்டாசு கட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மே சொன்ன?"

"நட்டதே இல்லன்னாரேய்யா. நம்ம நெலம்யா அது."

"நம்ம நெலம்னு எனக்குத் தெரியாதா மே?" என்றார்.

அழுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை. சம்மட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்துபோனார்.