அத்தான் என்ன சொன்னார்?

மேடையில் ஆளைப் பெட்டிக்குள் படுக்கவைத்து ரம்பத்தால் அறுப்பது என் தொழில். செத்தவர்களோடு பேசுகிறேன், கையால் தொட்டே நோயைத் தீர்க்கிறேன் என்று கிளம்புகிறவர்களின் குட்டை உடைப்பது உபதொழில். முதலாவதில் கைதட்டல் கிடைக்கும், இரண்டாவதில் வசவு கிடைக்கும். இரண்டும் போதும் என்று முழங்கால் சொல்லத் தொடங்கிய நேரத்தில் என் அக்காவே ஒரு ஆவிக்காரியிடம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அக்காவுக்குத் தொண்டையில் கட்டி. தள்ளிப்போட்டால் பரவிவிடும், உடனே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். எடுத்தால் குரல் கரகரத்துப் போகலாம் என்றும் சொன்னார். அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம் என்று நாளெல்லாம் மைக்கில் சொல்கிறவள். டாக்டரிடம் நன்றாகத் தலையாட்டிவிட்டு நேரே குரலம்மாவிடம் போயிருக்கிறாள். ஆவிக்காரிக்கு அதுதான் பட்டப்பெயர். குரலம்மா கண்ணை மூடி, செத்துப்போன அத்தானைக் கூப்பிட்டு, அவர் சொன்னதாகச் சொன்னது இது: "உன் குரலைக் கேட்டுத்தானே உன் பின்னாடி வந்தேன். அதுல கத்தி வைக்க விட்டுடாதே."

நல்ல வரி. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போய் அவளுக்குப் பாடம் எடுத்தேன்.

"அக்கா, நீ உப்பு கேட்டாலே ஏதோ வண்டி கிளம்பப்போற மாதிரி இருக்கும். உன் வேலை என்னன்னு கண்டுபிடிக்க ஆவி எதுக்கு? கழுத்தைத் துணியால சுத்திக்கிட்டுப் போற, நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பாக்கற. அவ கண்ணைப் பாதிதான் மூடியிருப்பா."

"நீ பாத்தியா?"

"பாக்கவே வேணாம். நானா இருந்தா அப்படித்தான் செய்வேன்."

"அப்ப அவ நல்லாத்தான் செய்யறா," என்று டீயை ஆற்றிக் கொடுத்தாள்.

வாயால் சொல்லி ஏறவில்லை என்றால் செய்து காட்டுவது எங்கள் வழக்கம். கீழ் வீட்டுத் தையல்காரம்மா ரவிக்கை அளவு பார்க்க மேலே வந்திருந்தார். அவரை நாற்காலியில் உட்காரவைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தணித்தேன்.

"ஒரு பொம்பளை தெரியறாங்க. உங்களுக்கு ரொம்ப நெருக்கம். கூடப் பிறந்த மாதிரி. நடுவுல பேச்சு நின்னு போச்சு. முதல்ல யார் பேசறதுன்னு ரெண்டு பேருக்கும் வீம்பு."

தையல்காரம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "எங்க சின்னவ," என்றார். மிச்சக் கதையை அவரே சொன்னார்.

முடியட்டும் என்று காத்திருந்து, சீட்டுக்கட்டைத் திருப்பிக் காட்டுவது போல எல்லாவற்றையும் பிரித்து வைத்தேன். "பொம்பளைன்னு மட்டும்தான் சொன்னேன். உடனே உங்க முகம் மாறிச்சு. 'கூடப் பிறந்த மாதிரி'ன்னா தங்கச்சிக்கும் பொருந்தும், தோழிக்கும் பொருந்தும். பேச்சு நிக்காத சொந்தம் எந்த வீட்டுல இருக்கு? மீதியெல்லாம் நீங்க சொன்னதும்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை மரியாதையாகப் பார்த்தார். "இவ்வளவு இருந்தும் எவ்வளவு அடக்கம் பாருங்க உங்க தம்பிக்கு."

"அடக்கம் இல்லம்மா. இது வெறும் பயிற்சி."

"பயிற்சி பண்ணா எல்லாருக்கும் வந்துடுமா?" என்றவர், வீட்டுக்காரரையும் கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டு, ரவிக்கை அளவை மறந்து இறங்கிப் போனார்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தனை வருஷம் எங்கிட்ட மறைச்சுட்டியேடா."

நான் கையை விரித்தேன். மேடையில் அதற்கு ஒரு புறாவாவது வரும்.

"சரி, உனக்கே வருதே. நீயே அவரைக் கேளு. நான் ஆபரேஷனுக்குப் போகட்டுமா வேணாமான்னு."

எத்தனையோ பேரை எதற்காகத் தொண்டை கிழியத் திட்டினேனோ, அது இப்போது என் வாயில் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு பொய். நாளைக்கே கட்டியை எடுத்துவிடலாம். எத்தனை பொய் சொல்லிப் பிழைத்தவன், இது ஒன்று அதிகமா? கண்ணை மூடினேன். பாதிதான்.

"அத்தான் சொல்றாரு. ஆபரேஷனுக்குப் போகச் சொல்றாரு."

"எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு."

"குரல் போயிடுமே, அதுக்கு என்ன சொல்றாரு?"

அங்கேதான் சறுக்கியது. முன்பின் தெரியாதவர்களின் அம்மா அப்பாவாகவெல்லாம் பேசிக் காட்டியிருக்கிறேன். தோளில் கைபோட்டு என்னை சினிமாவுக்குக் கூட்டிப்போன மனிதராக ஒரு வாக்கியம் வரவில்லை. அக்காவின் கை கழுத்துத் துணிக்குப் போனது. அவள் முகத்தைப் படிக்க எனக்குத் தெரியும். அன்று படிக்கப் பிடிக்கவில்லை.

"அத்தான் ஒண்ணும் சொல்லலக்கா. நான்தான் சொல்றேன்."

"நீயா?"

"ஆமா. குரல் போனா போகட்டும். நீ இருக்கணும். எனக்கு வேற யாரு இருக்கா?"

அக்கா குழாயில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரை எழுந்துபோய் நிறுத்திவிட்டு வந்தாள்.

"இதை ஏண்டா முதல்லயே சொல்லல?"

"தினமும் வந்து சொல்லிட்டுத்தானே இருக்கேன்."

"நீ அவளைப் பத்திச் சொன்ன. கண்ணைப் பாதி மூடறா, கையைப் பாக்கறா, இப்படிப் பிடிக்கறா, அப்படிப் போடறான்னு. ஒரு நாளாவது என்னை ஆபரேஷனுக்குப் போன்னு சொன்னியா? பயமா இருக்கான்னு கேட்டியா? அவ கேட்டா."

யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. எதிராளியின் கைவித்தையைப் பார்ப்பதிலேயே மும்முரமாக இருந்திருக்கிறேன். அறுபட வேண்டியவள் பெட்டிக்குள் கிடந்திருக்கிறாள்.

"பயமா இருக்காக்கா?"

"இருக்கு," என்றாள். அந்தத் தெளிவான, எல்லா வண்டிக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். பிறகு அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, குட்டு உடைப்பவனுக்குச் சற்றும் பொருந்தாத வகையில், மூக்கை உறிஞ்சினேன்.

"டாக்டர்கிட்ட நாள் கேளு," என்றாள் கடைசியில். "ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தடவை குரலம்மாகிட்ட போகணும். அவர்கிட்ட நான் போறேன்னு சொல்லிட்டு வரணும். அவருக்குத் தெரியாம நான் எங்கயும் போனதில்ல."

வாயைத் திறந்தேன். சொல்ல எவ்வளவோ இருந்தது, எல்லாம் உண்மை. அலுப்பாக இருந்தது.

"எத்தனை மணிக்கு?" என்றேன். "நானே வண்டியில கொண்டு விடறேன்."