பிறைக் கணக்கு

தகரக் கூரையின் மேல் தென்னை மட்டையொன்று படாரென்று விழுந்தது. உள்ளே மஃரிப் தொழுதுகொண்டிருந்த இருபத்தாறு பெண்களும் ஒரே நேரத்தில் தோள் குலுங்கினார்கள். தொழுகையில் இருந்ததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் முன்வரிசையின் நடுவில் நின்று ஓதிக்கொண்டிருந்த ஆமினா உம்மாவின் குரல் அந்த இடத்தில் அறுந்துபோனது. விட்ட வசனத்தை மறுபடி தொடங்கினார். அதே இடத்தில் மறுபடி நின்றார். மூன்றாம் தடவையும் அப்படியே. அப்போது பின்வரிசையில், சுவரோரமாக நின்ற ஒருத்தி அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தாள். மெல்லிய குரல்தான், ஆனால் பிசகாத குரல். ஆமினா உம்மா அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு வசனம் போனார், தடுமாறினார். மீண்டும் அந்தக் குரல் வந்து அவரை அக்கரை சேர்த்தது. ஸலாம் கொடுத்து முடிந்ததும் எல்லா முகங்களும் சுவரோரம் திரும்பின. அங்கே றஹ்மா தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், ஆமினா உம்மாவின் வளவுக்குள் இருந்தது பெண்கள் கூடித் தொழும் அந்தத் தைக்கா. இருபத்திரண்டு வருடமாக அங்கே தொழுவிப்பவர் அவர்தான். சில மாதங்களாகவே மறதி அவரை அரித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு விழுந்த மட்டை அதை எல்லோருக்கும் காட்டிக் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான். நோன்புக்கு இன்னும் ஒரு வாரத்துக்குச் சற்று மேல்தான் இருந்தது. நோன்பு மாதம் முழுவதும் இரவில் இருபது ரக்அத் நீளமாக ஓதித் தொழுவிக்க ஒருத்தி வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் ஆண்டு நோன்பில் தைக்காவைப் பூட்டிவிட்டு அவரவர் வீட்டு மூலையில் தனித்தனியாகத் தொழ வேண்டியதுதான்.

றஹ்மா கப்பல்துறை என்ற தமிழ் ஊர்க்காரி. பிறந்தபோது வைத்த பெயர் புஷ்பவதி. சீனன்குடா எண்ணெய்க் குதங்களில் காவல் வேலை பார்த்த சரீபைக் கட்டிக்கொண்டு இந்த ஒழுங்கைக்கு வந்தவள். வந்த மறுமாதமே குர்ஆன் பள்ளியில் குழந்தைகளோடு போய் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் உயரப் பிள்ளைகள் அவளைப் "பெரிய புள்ள" என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே எழுத்துக் கூட்டினாள். நாலு வருடத்தில் முழுவதும் ஓதி முடித்தபோது, கூடத் தொடங்கிய பிள்ளைகளில் பாதிப்பேர் இன்னும் நடுவில் நின்றார்கள். ஒழுங்கைப் பெண்கள் அவளிடம் அன்பாகவே இருந்தார்கள். ஆனால் வெளியூரிலிருந்து யாராவது வந்தால், "இவ சரீபுட பொண்சாதி, இஸ்லாத்துக்கு வந்தவ" என்று சொல்லித்தான் அறிமுகப்படுத்துவார்கள். புகழ்ச்சியாகத்தான் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் றஹ்மா வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டவளைப்போல உணர்ந்தாள். அந்த வால் தன் பெயரிலிருந்து ஒருநாள் விழுந்துபோக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பெரிய ஆசை இல்லை. வரிசையின் நடுவில் நிற்பவளை யாரும் வந்தவள் என்று சொல்ல மாட்டார்கள்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆமினா உம்மா எல்லோரையும் கூப்பிட்டார். தனக்கு இனி ஏலாது, றஹ்மா தொழுவிக்கட்டும் என்று சுருக்கமாகச் சொன்னார். சிலர் தலையாட்டினார்கள். மற்றவர்கள் நபீஸாவைப் பார்த்தார்கள். ஐம்பது வயதான நபீஸாவின் தங்கைமாரும் மருமக்களும் மச்சிமாருமாகச் சேர்ந்தால் வரிசையில் பாதி. அவள் எழுந்தால் பாதி வரிசை எழுந்துவிடும்.

"அவ ஓதுறதில பிழை இல்ல" என்றாள் நபீஸா. "ஆனா கலிமாச் சொல்லி ஆறு வருசம். அப்ப இஸ்லாத்தில அவவுக்கு ஆறு வயசு. ஆறு வயசுப் புள்ளைக்குப் பின்னால நிண்டு நாங்க தொழுறதா?"

"பின்னால எங்க மாமி? பொம்புளையளுக்குப் பொம்புள தொழுவிச்சா பக்கத்திலதானே நிக்கிற" என்றாள் ஸல்ஹா. பள்ளிக்கூட ரீச்சரான அவளுக்கு வாய் கொஞ்சம் கூடத்தான்.

சிரிப்பு எழுந்தது. நபீஸா சிரிக்கவில்லை. அப்படியென்றால் எத்தனை வயதாகியிருந்தால் சரி என்று ஸல்ஹா விடாமல் கேட்டாள். ஏழு வயதில்தானே பிள்ளைகளைத் தொழச் சொல்லியிருக்கிறது, ஏழாவது ஆகட்டும் என்றாள் நபீஸா. ஏழு வயதுப் பிள்ளை தொழுவிக்கலாமா என்று அடுத்த கேள்வி வந்தது. பள்ளிவாசல் லெப்பையின் மனைவியே கூட்டத்தில் இருந்ததால், அவள் எழுந்து அடுத்த வளவுக்குப் போய்க் கேட்டுவிட்டு மூச்சு வாங்க வந்தாள்.

"விபரம் தெரிஞ்சு, ஒழுங்கா ஓதுற புள்ளையெண்டாத் தொழுவிக்கலாமாம். நம்மட மத்ஹபுச் சட்டத்தில இடமிருக்காம். ஆருட புள்ள எண்டு கேட்டார். வாயத் திறக்காம ஓடி வந்திட்டன்."

இந்தத் தடவை நபீஸாவின் தங்கைமாரும் சிரித்துவிட்டார்கள். இனி நாள்தான் தெரிய வேண்டும். றஹ்மா வீட்டுக்குப் போய் அலுமாரியிலிருந்து கலியாணப் பதிவுக் கடுதாசியை எடுத்து வந்தாள். கலிமாவும் கலியாணமும் ஒரே நாளில்தான் நடந்தன. ஸல்ஹா திகதியை வாசித்து விரல் விட்டு எண்ணினாள். அறுபத்திரண்டு ஜனவரி இருபத்தொன்று. ஆறு வருடமும் ஒன்பதே முக்கால் மாதமும். அவளுடைய குரலே இறங்கிப்போனது. ஏழுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. நோன்போ வாசலில் நின்றது. நபீஸா சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பப் பார்த்தாள்.

றஹ்மா கடுதாசியைத் திருப்பி வாங்கவில்லை. அந்த நாளை அவள் திகதியாக ஒருபோதும் நினைத்ததில்லை. புதுச்சேலையில் வியர்த்துக்கொண்டு, யாரையும் தெரியாத வீட்டில் உட்கார்ந்திருந்ததும், குசினி வாசலில் தட்டுத் தட்டாக ஏதோ வந்து இறங்கியதும்தான் நினைவில் இருந்தன.

"அண்டைக்கு எனக்குப் பதினொரு வீட்டில இருந்து ரொட்டி வந்தது" என்றாள் மெதுவாக. "என்னத்துக்கு இவ்வளவு ரொட்டி எண்டு கேட்டனான். பராத்து எண்டு சொன்னாங்க."

 உடனே எல்லோரும் சேர்ந்து பேசினார்கள். நோன்புக்கு அரை மாதம் முன்னால் வரும் பராத்து இரவுக்கு ரொட்டி சுட்டுப் பங்கிட்டது போன கிழமைதானே, சட்டி கழுவிய கை இன்னும் காயவில்லையே என்றார்கள். பிறைக் கணக்கில் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் குறையும், ஏழு வருடத்தில் இரண்டரை மாதம் கழிந்துவிடும் என்று ஸல்ஹா வகுப்பில் சொல்வதைப்போல விளக்கினாள். ஒரு கிழவி அதைச் சுருக்கினாள்: இங்கிலீசு மாதம் அரசாங்கக் கந்தோருக்கு, நோன்புக்கும் தொழுகைக்கும் பிறை. ஏழு வயது நிறைந்து ஒரு கிழமை ஆகிவிட்டது.

கை தூக்கச் சொல்லும் பழக்கம் அங்கே இல்லை. நாளை மஃரிபுக்கு றஹ்மா நடுவில் நிற்பாள், மனம் ஒத்தவர்கள் பக்கத்தில் நின்றுகொள்ளட்டும் என்று ஆமினா உம்மா முடித்துவிட்டார். நபீஸா எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் பின்னேரம் முழுவதும் மழை. பாய் விரிக்கலாம் என்று றஹ்மா நேரத்தோடு தைக்காவுக்குப் போனபோது, நபீஸா தனியாக உள்ளே இருந்தாள். தொழுகைக்கு ஒளூச் செய்த ஈரம் முகத்தில் காயாமல் இருந்தது. இருவரும் பாயின் இரண்டு நுனியைப் பிடித்து விரித்தார்கள். இரண்டாவது பாயை விரிக்கும்போது நபீஸா கேட்டாள்.

"உங்கட உம்மா கப்பல்துறையில தானே இருக்கிறா. அவ மௌத்தானா நீங்க போவீங்களா?"

கடைசியில் கேள்வி அம்மாவின் சாவு வீடுதான் என்று றஹ்மாவுக்குப் புரிந்தது. வயதும் பிறையும் நேற்றோடு முடிந்துவிட்டன. போன மாதம் கப்பல்துறைக்குப் போனபோது அவளுடைய தாய் பூரணி இருமிக்கொண்டே கத்தரிக்காய் ஆய்ந்து பையில் போட்டாள். இன்றைக்கும் புஷ்பம் என்றுதான் கூப்பிடுகிறாள். படலையடியில் நின்ற தமையன், அம்மாவுக்கு ஏதும் நடந்தால் உனக்குச் சொல்லி அனுப்ப மாட்டோம் என்றான். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை கூட வந்தது. இப்போது சொல்லிவிட எத்தனையோ பதில் இருந்தது. கணவர் விட்டால் போவேன் என்று சொல்லலாம். லெப்பையிடம் கேட்டு நடப்பேன் என்று சொல்லலாம். அதைக் கேட்டால் நபீஸா திருப்தியோடு தலையாட்டுவாள், பாதி வரிசையும் நிற்கும். ஆனால் முதல் நாளே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நடுவில் நின்று எப்படி ஓதுவது?

"போவன் மாமி" என்றாள் றஹ்மா. "ஆரும் சொல்லி அனுப்பாட்டியும் போவன். அவங்கட சடங்கில கை வைக்க மாட்டன். ஆனா தலைமாட்டில இருந்து அழுவன். போகாம இருக்க ஏலாது எனக்கு."

நபீஸா பாயின் நுனியை விடவில்லை. குனிந்தபடியே அதில் இல்லாத சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டிருந்தாள். ஒழுங்கையில் பேச்சுச் சத்தம் கேட்டது. வாசலில் ஒவ்வொன்றாக ஈரச் செருப்புகள் கழன்றன. நபீஸா அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, றஹ்மாவின் காதருகே வந்தாள். வழக்கமான 'நீங்க' அவளுடைய வாயிலிருந்து எப்போது நழுவியதென்று அவளுக்கே தெரியவில்லை.

"எட்டு வருசமாப் போச்சு புள்ள, என்ட மகள் பரீனா ஒரு தமிழ்ப் பொடியனோட மட்டக்களப்புக்குப் போய். இப்ப அவங்கட கோயில்லதான் கும்பிடுறாளாம். நான் மௌத்தானா, அவளும் உன்னைப்போல வருவாளா?"