நாகலெட்சுமி இடித்த மாவு

அறுபத்தொன்றாம் வருஷம் தை மாதம், கொட்டகலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பூரணிக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை நல்லமுத்து கந்தப்பளையில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போட வருவதற்கு முந்தின வாரம் பூரணியின் முகம் வெந்துபோனது.

அந்த மாதத்துக் காற்றில் மலையில் நின்று கொழுந்து பறிக்கிற பெண்கள் எல்லாருக்குமே முகம் வறண்டுபோகும். பூரணிக்குக் கொஞ்சம் அதிகம். கன்னத்தைத் தடவினால் செத்த தோல் செதில் செதிலாக உதிர்ந்தது. இந்த முகத்தோடு சபையில் எப்படி உட்காருவது என்று அவள் வருத்தப்பட்டபோது, அண்ணன் முத்துலிங்கத்தின் மனைவி நாகலெட்சுமி தன் தகர டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். பச்சைப்பயறும் காய்ந்த நாரத்தந்தோலும் கஸ்தூரி மஞ்சளும் சேர்த்து அவளே உரலில் இடித்த மாவு. சலிக்காமல் கொரகொரப்பாகவே வைத்திருந்தாள். நாகலெட்சுமிக்கு மதியத்துக்குள் முகத்தில் எண்ணெய் வழியும், பருவும் வரும். இந்த மாவைப் போட்டுப் பீர்க்க நாரால் தேய்ப்பதால்தான் முகம் வழுவழுவென்று இருக்கிறது என்பாள். பூரணியை வாசலில் உட்கார வைத்து, நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் அவளே அழுத்தித் தேய்த்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே கன்னம் எரிந்தது. மறுநாள் காலையில் இரண்டு கன்னமும் சிவந்து தோல் உரிந்து நீர் கசிந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் களிம்பு கொடுத்தார்கள், காரணம் சொல்லவில்லை. காரணத்தை, அதே லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த வீரம்மா சொன்னாள். வண்ணார் துணிக்குக் குறிபோடுகிற சேங்கொட்டை பட்டால்தான் தோல் இப்படி வேகுமாம். மாவில் அதை யாரோ கலந்திருக்க வேண்டும் என்றாள்.

யாரோ என்று அவள் சொன்னாலும் எல்லாருக்கும் ஒரே முகம்தான் தெரிந்தது. நல்லமுத்துவை முதலில் நாகலெட்சுமியின் தங்கைக்குத்தான் கேட்டிருந்தார்கள். அது கூடிவராமல்தான் பூரணியிடம் வந்தது. அப்போது நாகலெட்சுமி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததே இப்போது பூரணியின் அம்மா மீனம்மாவுக்குப் பெரிய சாட்சியாகிவிட்டது.

மகளுக்குக் காய்ச்சல் என்று கந்தப்பளைக்குச் சொல்லியனுப்பிவிட்டு, மீனம்மா அந்த டப்பாவைத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். மருமகள் ஆக்கிய சோற்றைத் தொடவில்லை. ஆளில்லாத நேரம் பார்த்து மாவைக் குழைத்துத் தன் முகத்திலேயே தேய்த்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை, எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் போய் முகம் பளிச்சென்று ஆனதுதான் மிச்சம். அதிலும் அவளுக்கு நிம்மதி வரவில்லை. பூட்டி வைப்பதற்கு முன்னாலேயே நாகலெட்சுமி மாவை மாற்றிவிட்டாள் என்று முடிவு கட்டினாள்.

பூரணியும் அதைத்தான் நினைத்தாள். அண்ணி அன்றைக்கு அத்தனை அழுத்தித் தேய்த்தது, நடுவில் ஒருமுறை சிரித்தது, எல்லாம் இப்போது வேறு மாதிரித் தோன்றியது. அண்ணி கொடுத்த தேத்தண்ணியை வாங்கி, அவள் திரும்பியதும் வெளியே ஊற்றினாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போதும் அவளுக்குப் பின்னால் விலகியே நடந்தாள்.

கடைசியில் முத்துலிங்கமும் கேட்டுவிட்டான்.

"அதுல எதுவும் போட்டியா நீ?"

 அதற்குப் பிறகு பல நாள் அந்த வீட்டில் நாகலெட்சுமி யாரோடும் பேசவில்லை.

கன்னம் காயத் தொடங்கியபோதுதான் பூரணி கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தாள். கன்னமும் வாயோரமும்தான் புண். நெற்றியிலும் மூக்கிலும் ஒரு கீறல்கூட இல்லை. எப்போதும் பிசுபிசுவென்றிருக்கும் மூக்கு, முன்பு இல்லாத மினுமினுப்போடு இருந்தது. அண்ணி முகம் முழுக்க ஒரே மாவைத்தான் தேய்த்தாள். நெற்றியில் இன்னும் அழுத்தமாகவே தேய்த்தாள்.

அம்மா குளிக்கப் போயிருந்த நேரத்தில் சாவியைத் தேடியெடுத்துப் பெட்டியைத் திறந்து மாவை எடுத்தாள். நெற்றியில் தேய்த்தாள், சுகமாக இருந்தது. காற்றில் வறண்டு கிடந்த புறங்கையில் அதே மாவை நாரால் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் அங்கே சிவந்து எரிய ஆரம்பித்தது. ஈரத் தலையோடு வந்த மீனம்மாவிடம் கையை நீட்டிக் காட்டினாள்.

மீனம்மா நம்பவில்லை. உனக்கு இரக்க குணம், அவள் உன்னை மயக்கி வைத்திருக்கிறாள் என்றாள்.

"வெசம்னா நெத்திய மட்டும் விட்டுட்டு கன்னத்தப் புடிக்குமாம்மா? எண்ணெ உள்ள எடத்துல ஒண்ணும் பண்ணல. காஞ்ச எடத்துலதான் அறுத்திருக்கு. ஒங்க மொகமும் அண்ணி மொகமும் ஒரே மாதிரி. அதான் ஒங்களுக்கு ஒண்ணும் ஆகல."

தன் முகத்தில் தேய்த்துப் பார்த்ததை, முகத்தின் பளபளப்பை வைத்தே மகள் கண்டுபிடித்திருப்பாள் என்று மீனம்மா எதிர்பார்க்கவில்லை. ஈரத் துணியை உதறிக் கொடியில் போடப் போய்விட்டாள்.

பூரணி அடுப்படிக்குப் போனாள். அண்ணி விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பூரணி எல்லாவற்றையும் சொன்னாள். நாகலெட்சுமி நெருப்பைவிட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"நீயுந்தானே நெனச்ச?"

"நெனச்சேன் அண்ணி."

நாகலெட்சுமி தலையை ஆட்டினாள். விறகை இன்னும் உள்ளே தள்ளினாள்.

அதன்பின் பூரணி கன்னத்துக்கு நாரைத் தொடவில்லை. பயத்தமாவை மெல்லிய துணியில் சலித்துப் பாலாடையில் குழைத்து, விரல் நுனியால் பட்டும் படாமலும் தேய்த்துப் பழைய சேலைத் துணியால் ஒற்றியெடுத்தாள். அதையும் வாரத்துக்கு ஒருமுறைதான். நெற்றிக்கும் மூக்குக்கும் அண்ணியின் மாவு. மாசியில் பரிசமும் பங்குனியில் கல்யாணமும் நடந்தன.

நலுங்கு வைக்க அண்ணிதான் வர வேண்டும் என்று பூரணி பிடிவாதம் பிடித்தாள். நாகலெட்சுமி வந்தாள். பயத்தமாவைப் பாலாடையில் குழைத்து வைத்திருந்த கிண்ணத்தை எடுத்தவள், பூரணியிடம் போகாமல் மாமியாரின் முன்னால் போய் நின்றாள். வீரம்மா உட்பட லயத்துப் பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மொதல்ல நீங்க போட்டுக்கங்க அத்தே. பெறகு நான் அவளத் தொடுறேன்."

மீனம்மா கிண்ணத்தில் விரலை விட்டு எடுத்துத் தன் கன்னத்தில் தடவிக்கொண்டாள். நாகலெட்சுமி அந்தக் கன்னத்தையே பார்த்தபடி நின்றாள். பிறகுதான் பூரணியின் பக்கத்தில் உட்கார்ந்து, எரிகிறதா, எரிகிறதா என்று கேட்டுக் கேட்டு மெதுவாகப் பூசிவிட்டாள். பூரணிக்குக் கண் கலங்கியது. எரிகிறதோ என்று நாகலெட்சுமி சட்டெனக் கையை எடுத்துக்கொண்டாள்.

பூரணி கந்தப்பளைக்குப் போனபின், நாகலெட்சுமி கணவனிடம் சொல்லி மேல் லயத்தில் தனிக் காம்பரா கேட்டு வாங்கி அவனோடு அங்கே குடிபோனாள். மீனம்மா தடுக்கவில்லை.