சலூன்காரரின் இடது கால்

ஊரடங்கு போட்ட நாளிலிருந்து சலூன்காரர் வீட்டுக்குள்ளேயே நடந்தார். சமையலறைச் சுவரிலிருந்து வாசல் கதவு வரை பதினான்கு எட்டு. திரும்பினால் இன்னொரு பதினான்கு. கடையில் நாள் முழுக்க நின்றவர் சும்மா உட்கார்ந்தால் சர்க்கரை ஏறிவிடும் என்று மனைவிக்குப் பயம். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று அவள்தான் விரட்டினாள். வீட்டுக்குள் செருப்பு எதற்கு என்று வெறுங்காலோடு நடந்தார்.

"சாவி குடுத்த பொம்மை மாதிரி போறீங்களே, கொஞ்சம் ஓரமா போங்க. தரை துடைக்கணும்."

"உக்காந்தா சுகர்னு திட்டுறே. நடந்தா தரைன்னு திட்டுறே. பேசாம பறக்கவா?"

ஐந்தாவது வாரம் இடது பெருவிரலுக்குக் கீழே தோல் தடித்துக் காய்த்துப்போனது. விரலால் தட்டினால் மரக்கட்டையைத் தட்டுவது போல இருந்தது. முப்பது வருடம் அடுத்தவர் தொண்டையில் கத்தி வைத்து ஒரு கீறல் போடாத கை அவருடையது. அந்தக் கைக்கு ஐந்து வாரமாக வேலையில்லை.

மனைவி குளிக்கப் போன நேரத்தில் சவரக்கத்தியில் புது பிளேடு மாட்டினார். சோப்பு நுரை தடவினார். காய்ப்பை மெல்லிய சுருளாகச் சீவினார். வலிக்கவில்லை. வலிக்காததால் இன்னும் கொஞ்சம் சீவினார். துடைத்து, பவுடர் போட்டு, உடனே நடக்கப் போய்விட்டார்.

அவள் குளித்துவிட்டு வந்தபோது கதவிலிருந்து சமையலறை வரை சிவப்பாகச் சொட்டுச் சொட்டாக இருந்தது.

"யாருக்குங்க அடி?"

"எனக்கில்லையே."

அவர் பொய் சொல்லவில்லை. அவள் காலைப் பிடித்துத் திருப்பிக் காட்டிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"புத்தி இருக்கா உங்களுக்கு?"

"ஊருக்கே சவரம் பண்ணின கை. ஒருத்தன் கத்தினதில்ல."

"உங்க காலும் கத்தல. அதான் வினையே."

நான்கு நாள் மருந்து போட்டார்கள். ஐந்தாம் நாள் கால் வீங்கி வாடை வந்தது. சர்க்கரை முந்நூற்றைத் தாண்டியது. காலைப் படம் பிடித்து போனில் டாக்டருக்கு அனுப்பினாள். அரை மணி நேரத்தில் டாக்டரே கூப்பிட்டு, உடனே வரச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் மாஸ்க்குக்கு மேலே எல்லோருக்கும் கண் மட்டும்தான் இருந்தது. டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து முடித்தார்.

"எலும்பு வரைக்கும் போகல. இந்தத் தடவை விரல் தப்பிச்சுது."

"கடை திறந்ததும் நிக்கலாமா சார்?"

"கால்ல உணர்ச்சி மிச்சம் இருந்தா, புண் ஆறினதும் நிக்கலாம். இல்லேன்னா வேண்டாம். மறுபடி புண் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. அப்புறம் விரலை எடுக்க வேண்டிவரும்."

உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க நர்ஸ் விறைப்பான ஒரு நைலான் நூலை எடுத்தாள். "காலைப் பார்க்கக் கூடாது. தொட்டா 'தொட்டாச்சு'ன்னு சொல்லுங்க."

அவர் காலைப் பார்க்கவில்லை. கட்டில் ஓரம் நின்ற மனைவியின் கண்களைப் பார்த்தார். அவள் பார்வை நூலோடு போயிற்று. நூல் தோலில் பட்டு வளையும்போது அவள் இமை லேசாகத் துடித்தது.

"தொட்டாச்சு," என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இமை துடித்தது.

"தொட்டாச்சு."

"நல்லா சொல்றீங்களே," என்றாள் நர்ஸ்.

மூன்றாவது தடவையும் சரியாகச் சொன்னார். அப்போது மனைவி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவருடைய கண் எங்கே இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் மெதுவாகத் தலையசைத்தார், காட்டிக்கொடுக்க வேண்டாம் என்பது போல. அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அவர் காத்திருந்தார். அவள் முதுகில் ஒன்றும் தெரியவில்லை. மேலே மின்விசிறி சுற்றியது.

"தொடும்மா," என்றார். "எவ்வளவு நேரம்?"

நர்ஸ் நூலை உறைக்குள் போட்டு மூடினாள்.

"அதுக்கப்புறம் ஏழு இடத்துல தொட்டுட்டேன்யா," என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தாள்.