இடம்: தலைவியின் இல்லம்

அம்மாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணி நெகிழ்ந்துபோயிருந்தது. யசோதினி அதை அவிழ்த்து மறுபடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசல் படலையடியில் ஒரு வாகனம் வந்து நின்றது. எட்டிப் பார்க்காமலே யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. குருக்கள்மடத்தில் அந்த ஒழுங்கைக்குள் வந்து, வாகனக் கதவை அவ்வளவு பவ்வியமாகச் சாத்துகிறவர்கள் தொண்டு நிறுவனத்துக்காரர்கள் மட்டும்தான்.

"நிறுவனத்து ஆக்கள் வந்திரிக்காங்க புள்ள," என்றார் நாகரெத்தினம் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. "மரியாதைக்கு ஒருக்கா எழும்பி வா."

"அம்மா எழும்பட்டும் மாமா. அவதானே சங்கத்துத் தலைவி."

மாமா சால்வையைத் தோளில் சரிசெய்துகொண்டு வெளியே போய்விட்டார்.

அம்மா ஆச்சிப்பிள்ளை நேற்றுக் காலையில் செத்துப்போனாள். சங்கத்தின் இளநீலச் சேலையைத் தோய்த்துக் கொடியில் போட்டவள், கொடியைப் பிடித்தபடியே கீழே சரிந்தாள். நாளைக்கு நடக்கவிருந்த, நிறுவனத்தின் நிறைவுக் கூட்டத்துக்கு உடுக்கவென்று தோய்த்த சேலை. அது இன்னும் கொடியில்தான் கிடந்தது. எடுக்க யசோதினிக்கு மனம் வரவில்லை. பாசத்தால் இல்லை, அருவருப்பால்.

சங்கம் என்றால் பதினொரு பெண்கள், ஊருக்கே சோறாக்கும் பெரிய கிடாரம் இரண்டு. அவ்வளவுதான். ஊரில் ஒரு செத்த வீடு என்றால் அந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அம்மா பக்கத்து வளவில் கல்லை வைத்து, கிடாரத்தை ஏற்றி, எட்டாம் நாள் வரைக்கும் அந்த வீட்டுக்குச் சோறும் தேத்தண்ணியும் கொடுப்பாள். மற்றப் பத்துப் பேரும் ஆளுக்கொரு சுண்டு அரிசியோடு வந்துவிடுவார்கள். பதின்மூன்று வருடமாகக் கூட்டமில்லை, குறிப்பில்லை, ஒரு செத்த வீடும் பட்டினி கிடந்ததில்லை. கிடாரங்களில் ஒன்று மட்டும் விலாவில் ஓட்டை விழுந்து, சாய்த்து வைத்தால்தான் ஒழுகாது என்ற நிலைக்கு வந்திருந்தது. புதுக் கிடாரம் ஒன்று கேட்கத்தான் அம்மா நிறுவனத்துக்குப் போனாள்.

கிடாரத்துக்கு மானியம் இல்லை என்றார்கள். முகாமைத்துவத்தை, அதாவது நிர்வாகத்தை, வலுப்படுத்துவதற்குத்தான் இருக்கிறதாம். பதினொரு பெண்களின் முகாமைத்துவம் மிகவும் பலவீனமாக இருப்பதை அவர்கள் ஒரே மத்தியானத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதன் பிறகு ஒன்றரை வருடம் சங்கத்தைப் போட்டு வலுப்படுத்தினார்கள். பெயர்ப்பலகை வந்தது. இறப்பர் முத்திரை வந்தது. இரும்பு அலுமாரி ஒன்று வந்து, வீட்டு வாசல் நிலை குறுகலாக இருந்ததால், நிலையை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. தூரநோக்கு எழுதக் கடற்கரை ஹோட்டலில் மூன்று நாள் பயிற்சி. ஏழு கொள்கைகள் எழுதினார்கள். அதில் வாகனக் கொள்கையும் ஒன்று. பதினொரு பேரிடமும் சேர்த்து ஒரு சைக்கிள்கூட இருக்கவில்லை.

அம்மாவும் மயங்கித்தான் போனாள். கழுத்தில் 'தலைவி' என்று எழுதித் தொங்கவிட்ட அட்டையை வீட்டுக்கு வந்தும் கழற்ற மாட்டாள். களுவாஞ்சிகுடியில் அவளுக்கு மாதா மாதம் நெஞ்சுக் கிளினிக் இருந்தது. முதல் தடவை பயிற்சி என்று தவறவிட்டாள். இரண்டாம் தடவை கண்காணிப்புக் குழு வருகிறது என்றாள். மூன்றாம் தடவை யசோதினி முச்சக்கரவண்டியையே வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"நாளக்கிப் போவம் புள்ள."

"நாளக்கிக் கிளினிக் இல்லம்மா."

"வாற மாசம் போவம். தலைவி இல்லாட்டிப் பயிற்சி தொடங்க மாட்டாங்களாம். உனக்குக் கேக் கொண்டு வாறன்."

கொண்டும் வந்தாள். கடதாசியில் சுற்றி, நசுங்கிப்போய், வெண்ணெய் உருகின கேக். யசோதினி அதைக் கோழிக்குப் போட்டாள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அதற்காகவும் யசோதினி நிறுவனத்தைத்தான் வெறுத்தாள்.

இன்றைக்கு ஒரு நாளாவது அம்மா யாருக்கும் தலைவியாக இருக்கக் கூடாது. யசோதினி கேட்டதெல்லாம் அதுதான். மகளுக்குத் தாயாக, தம்பிக்கு அக்காவாகப் போய்ச் சேரட்டும்.

வெளியே வந்தபோது பந்தலுக்குள் தாள்களைக் கவ்விய ஒரு அட்டை கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. வெற்றிலை வட்டாவுக்குப் பின்னாலேயே அதுவும் போனது. ஆட்கள் ஒரு கையால் வெற்றிலை எடுத்து, மறு கையால் பேனையை வாங்கினார்கள். ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. சுனாமிக்குப் பிறகு, சண்டைக்குப் பிறகு, ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பிறகு கையெழுத்து வைத்தே பழகிய ஊர். சவர்க்காரத்துக்கும் வைத்தார்கள், நுளம்பு வலைக்கும் வைத்தார்கள், கை கழுவுவது எப்படி என்று சொன்னதைக் கேட்டதற்கும் வைத்தார்கள். கட்டம் போட்ட தாளைக் கண்டால் பெயர், அடையாள அட்டை இலக்கம், ஆணா பெண்ணா, கையொப்பம் என்று கை தானாக ஓடும்.

யசோதினி மாமாவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். மாமா தன் அடையாள அட்டை இலக்கத்தை மனப்பாடமாக எழுதிக்கொண்டிருந்தார். தாளின் தலைப்பில் அச்சடித்திருந்தது: முகாமைத்துவ வலுவூட்டல் திட்டம், நிறைவுக் கூட்டம், பங்குபற்றுநர் வரவு. கீழே பேனையால் இன்றைய திகதி. இடம் என்ற கட்டத்துக்குள் 'தலைவியின் இல்லம்'.

அவள் அட்டையைப் பறித்தாள்.

"அக்கா," என்று கோகுலராஜ் ஓடி வந்தான். நிறுவனத்தின் கள உத்தியோகத்தன். வெள்ளைச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையுமாகச் செத்த வீட்டுக்கு ஏற்றபடிதான் வந்திருந்தான். "கோவிக்காதீங்க அக்கா. நாளையோட திட்டம் முடியுது. அறுவது பேர் கையெழுத்து இல்லாட்டி முழு அறிக்கையும் நிண்டுரும். இவ்வளவு சனம் ஒரு இடத்தில சேந்திரிக்கு. அம்மா இரிந்தா அவவே ஓம் எண்டிரிப்பா."

"அம்மா எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொன்னவ சேர். அதான் உள்ளுக்கக் கிடக்கா."

அவன் குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்குத்தான் அக்கா நட்டம். இந்த அறிக்கை போனாத்தான் இரண்டாங்கட்டம். அதில சமையல் பாத்திரத்துக்கும் இடம் இரிக்கி. கிடாரம், கேஸ் அடுப்பு, கொட்டில். அம்மாட ஆசை அதுதானே."

ஒரு கணம் அவள் தடுமாறினாள். பக்கத்து வளவில் சங்கத்தின் செயலாளர் சீதேவி, ஓட்டைக் கிடாரத்துக்குக் கீழே ஒரு பக்கம் செங்கல் வைத்துச் சாய்த்து, பாதி மட்டும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து அவள் உட்காரவே இல்லை. அம்மா இருந்தால் உண்மையிலேயே ஓம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

"எழுத்தில இரிக்கா சேர்? கிடாரம் எண்டு?"

கோகுலராஜ் பேனையை மூடித் திறந்தான். "நேரடியா இல்ல. முதல்ல தேவை மதிப்பீடு ஒண்டு செய்யணும். அதுக்கு ஒரு குழு அமைச்சு, ஒரு ரெண்டு நாள் பயிற்சி..."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. செத்த வீட்டில் மகள் சிரிக்கக் கூடாது என்பதால் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். பார்த்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

"வாய்க்கரிசி போடுறாக்கள் எல்லாம் வாங்க," என்று மாமா கூப்பிட்டார். "நேரம் போகுது. பெட்டிய மூடணும்."

சீதேவி கழுவின அரிசியையும் சுளகையும் கொண்டு வந்தாள். சுளகும் இப்போதுதான் கழுவினது, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அரிசி ஒட்டப்போகுது புள்ள. அடியில போட ஒண்டும் இல்லியா?" என்றாள்.

"இரிக்கி மாமி."

யசோதினி அட்டையின் கவ்வியைத் தூக்கி மூன்று தாள்களையும் உருவினாள். ஒன்றின் மேல் ஒன்றாகச் சுளகில் விரித்தாள், முதல் தாள் மேலே வரும்படி. சீதேவிக்கு எழுத வாசிக்கத் தெரியும். தலைப்பை வாசித்தாள். யசோதினியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அரிசியை அதன்மேல் கொட்டி, நான்கு பக்கமும் பரப்பிவிட்டாள்.

"அக்கா, அது..." என்று கோகுலராஜ் தொடங்கினான். மாமா திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். வெறும் அட்டையை நெஞ்சோடு பிடித்தபடி பந்தல் காலடியில் நின்றான்.

சொந்தக்காரர் ஒவ்வொருவராக வந்து அரிசி அள்ளினார்கள். அள்ள அள்ள அடியிலிருந்து பெயர்கள் தெரிந்தன. ஈரத்தில் மை ஊறி நீலமாகப் பரவியது. மாமா அள்ளும்போது தன்னுடைய பெயரைக் கண்டார். கை அப்படியே நின்றது. பிறகு அந்தப் பிடியை மூடிக்கொண்டு போய் அக்காவின் வாயில் போட்டார். அப்போதுதான் அவர் முதல் தடவையாக வாய் விட்டு அழுதார். சங்கத்துப் பெண்களும் வரிசையில் வந்தார்கள்.

கடைசியாக யசோதினி வந்தாள். சுளகில் அரிசி ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது. தாளில் எல்லா வரிகளும் நிரம்பிக் கலங்கிக் கிடந்தன. முதலாவது வரி மட்டும் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் 'தலைவி' என்று அச்சடித்திருந்தது. அந்தக் கட்டத்துக்குள் ஒரே ஒரு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் நகத்தால் அதைக் கிள்ளி எடுத்து, அம்மாவின் வாயில் வைத்தாள்.