நல்ல தங்கம், வாங்க ஆளில்லை

வங்கி மூழ்கப்போகிறது என்று முதலில் சொன்னவன் நான்தான். வீடு விற்ற பணத்தை எடுத்துத் தங்கக்காசாக்கினேன். எடுக்காத மச்சானை ஏமாளி என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

சொன்னபடியே வங்கி கதவை மூடிவிட்டது. இப்போது மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பணம் கட்டினால்தான் இதய ஆபரேஷன். தங்கத்தை அங்கே வாங்க மாட்டார்களாம். நகைக்கடைக்குப் போய்க் காசுகளைக் கொட்டினேன். கடைக்காரர் ஒன்றை எடுத்து உரைகல்லில் தேய்த்தார்.

"சொக்கத்தங்கம், பெரியவரே. ஆனா வாங்க என்கிட்ட பணம் ஏது? இந்த ஊர்க் கடைக்காரங்க பணம் எல்லாம் அந்த பேங்க்லதான் முடங்கிக் கெடக்கு."

"பாதி விலை குடுய்யா."

"கால் விலைக்கும் வழியில்ல. காலையிலேர்ந்து இங்க விக்கிறவங்க கூட்டம்தான்."

கடை டிவியில் வங்கிக்கு அரசு பணம் கொடுக்கலாமா என்று சண்டை நடந்தது. "திருடனுக்கு எதுக்கு எங்க வரிப்பணம்?" என்று ஒருவர் மேசையைத் தட்டினார். நேற்றுவரை நானும் அதைத்தான் சொன்னேன்.

"குடுத்துத் தொலைங்கடா!" என்று கத்தினேன். மச்சான் பணம் வெளியே வந்தால் அவன் தன் அக்காவுக்காகத் தருவான்.

"இன்னிக்கே முடிவெடுத்தாலும் கைக்கு வர மாசமாகும், பெரியவரே," என்றார் கடைக்காரர்.

அவள் இந்த வாரம் தாண்டமாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காசுகளைத் துண்டில் முடிந்துகொண்டு அவளிடம் போனேன்.