இரண்டு தண்ணீரில் வெந்தது

என் அண்ணன் நெஸ்டர் ஆஸ்பத்திரியில்தான் செத்தான். உள்ளே படுக்கையில் இல்லை. வெளியே, வண்டிகள் நிற்கிற இடத்தில், தன் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இதய டாக்டர் இருந்தார். அதை நினைத்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வருகிறது.

உள்ளே படுத்திருந்தவள் அண்ணி ஸ்லாவ்கா. சிறுநீரகம் இரண்டும் போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். போதாததற்குச் சர்க்கரை, மூட்டுவலி. இந்தக் குளிர்காலத்தைத் தாண்டமாட்டாள் என்று வருஷா வருஷம் ஊரே சொன்னது. அவளும் சொன்னாள். நெஸ்டரோ எண்பதை நெருங்கியும் வாசல் பனியைத் தானே வாரிக் கொட்டுகிறவன், மாத்திரை என்று ஒன்றைத் தொட்டதில்லை. எங்கள் சர்ச் ஹாலில் வியாழக்கிழமை பைரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை செய்ய உட்காருகிற பெண்களில் முழங்கால் நன்றாக இருப்பவள் ஒருத்தி கிடையாது. புருஷன் உயிரோடு இருந்தவளும் அண்ணி ஒருத்திதான். எனக்கு ஒன்றுமில்லை என்று மார்தட்டியவர்களைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். அப்படியிருந்தும் அண்ணிதான் முதலில் போவாள் என்று நம்பினோமே, எங்கள் புத்தியை என்ன சொல்ல.

அதனால் அண்ணி அவனுக்குச் சமையல் சொல்லிக் கொடுத்தாள்.

"நான் போனப்புறம் டப்பா சூப்பக் குடிச்சே காலத்த ஓட்டுவீங்க. மாவப் பிசைங்க," என்பாள்.

"நீ போறதுக்குள்ள நான் பெரிய சமையல்காரன் ஆயிடுவேன் போல. வருஷக்கணக்கா போறேன் போறேன்னு சொல்றியே," என்பான்.

சிறுநீரகம் போனதால் அவளுக்கு உருளைக்கிழங்கு ஆகாது. நறுக்கி வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் மறுபடி வேகவைத்தால் கொஞ்சம் சாப்பிடலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ருசியெல்லாம் அந்தத் தண்ணீரோடு போய்விடும். அப்படி மசித்ததை மாவுக்குள் வைத்து அவளுக்குப் பைரோகி செய்வான். ஃப்ரீசரில் மேல்தட்டு அவளுக்கு, கீழ்த்தட்டு தனக்கு என்று பிரித்து வைத்தான்.

"உங்களுக்குச் செய்யறப்ப ஒரு தண்ணி போதும். உப்பு, சீஸ் எல்லாம் தாராளமா போடுங்க," என்பாள் அண்ணி.

"சரிம்மா, சரி."

தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தவனை நான் ஒருநாள் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, அவ்வளவு தூரம் ஆஸ்பத்திரிக்குப் போறியே, உள்ள போய் டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டேன்."

"பனி வாரினதுல பிடிச்சிருக்கு, டோஸியா. காட்டுனா படுன்னுவான். நான் படுத்தா இவள யாரு கூட்டிட்டுப் போறது?"

அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

அவனைப் புதைத்த மறுநாள் டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வந்தேன். அண்ணி கோட்டைக்கூட எடுக்கவில்லை.

"நான் வரல."

அடுத்த முறையும் வரவில்லை. மூன்றாவது முறை நான் போனபோது அவள் முகம் ஊதிப்போயிருந்தது. இதையும் விட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று நர்ஸ் போனில் சொல்லிவிட்டாள்.

"எல்லாருமா சேந்து என்னைச் சாகத் தயார் பண்ணீங்க," என்றாள் அண்ணி. "நானும் தயாராத்தான் இருந்தேன். இருக்கறது எப்படின்னு யாரும் சொல்லித் தரலையே."

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். கீழ்த்தட்டிலிருந்து ஒரு பையை எடுத்து, கொதிக்கவைத்து, வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கிக் கொட்டி, எனக்கு ஒரு தட்டு எடுத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். ஒன்றைக் கடித்தேன். சப்பென்று இருந்தது. எழுந்துபோய் இன்னொரு பையைப் பிரித்து வேகவைத்தேன். அதுவும் அப்படித்தான்.

"என்ன?" என்றாள் அண்ணி.

"அண்ணன் தனக்குன்னு வச்சது. ஒரு ருசியும் இல்ல."

என் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வெங்காயத்தை வழித்துப் போட்டுவிட்டு, வெகுநேரம் மென்றாள்.

"ரெண்டு தண்ணி," என்றாள். "எல்லாமே எனக்குத்தான் செஞ்சிருக்காரு. நான் இல்லாத நாளுக்குன்னு ஒண்ணுகூடப் பண்ணிக்கல."

அவன் செத்ததிலிருந்து அழாதவள் அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். அப்புறம் ஃப்ரீசர் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இவ்வளவையும் யாரு திங்கறது?"

கோட்டை நான்தான் மாட்டிவிட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கிவிட்டு, "முடிஞ்சதும் வாங்க, நான் வண்டியிலேயே இருக்கேன்," என்றேன்.

அவள் கதவை விடவில்லை. "நீயும் உள்ள வா. படி ஏறி வர்றப்ப உனக்கு மூச்சு வாங்குது. காட்டு."

"எனக்கு ஒண்ணுமில்ல அண்ணி."

"அவரும் அதேதான் சொன்னாரு."

கதவைப் பிடித்தபடி அந்தக் குளிரில் அப்படியே நின்றாள். நான் வண்டியின் எஞ்சினை அணைத்தேன்.